பேசிக் கம்பைலர் தேர்வு: கட்டளைப் பட்டியல் நீளமாக இருந்தால் போதுமா?

கேள்வி | பிப்ரவரி 3, 2024

பள்ளியில் பேசிக் நிரல்மொழி கொஞ்சம் படித்ததோடு சரி. சி மொழி தெரியாது, இப்போதைக்குக் கற்கும் எண்ணமும் இல்லை. கையில் ஒரு 16எஃப்877ஏ பிக் மைக்ரோகண்ட்ரோலர் சிப்பும், அட்மெகா328பி உள்ள அர்டுயினோ போர்டும் இருக்கின்றன. குழாயில் ஓடும் தண்ணீரை ஃப்ளோ சென்சார் வைத்து அளந்து எல்சிடியில் காட்ட வேண்டும். தண்ணீரின் வெப்பநிலையும் தெரிய வேண்டும். பேசிக்கில் எழுதியதைச் சிப்புக்கான நிரலாக மாற்றும் கம்பைலர்கள் ஐந்தாறைப் பார்த்தேன், எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. எதில் கட்டளைகள் அதிகமோ அதை வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். சரிதானே அண்ணன்மாரே?

பிப்ரவரி 3, இரவு

சரியில்லை. கட்டளைப் பட்டியலை மூடி வையுங்கள். எல்சிடி, சீரியல், ஐ2சி, 1-வயர் (ஒரே ஒயரில் சென்சாரோடு பேசுவது), ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக்குவது), பிடபிள்யூஎம் இவையெல்லாம் இல்லாத கம்பைலர் இன்று கிடையாது. விளம்பரத்தில் இருக்கும் நீண்ட பட்டியலில் முக்கால்வாசியை நீங்கள் தொடவே மாட்டீர்கள். தொடும் கால்வாசி எல்லாவற்றிலும் இருக்கிறது.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் பார்த்த ஐந்தாறில் எல்லாமே கம்பைலர்தானா? பேசிக் ஸ்டாம்ப், பிக்ஆக்ஸ் இரண்டும் இன்டர்ப்ரெட்டர். 1992-இல் பேரலாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட முதல் ஸ்டாம்ப்பில் ஒரு பிக் 16சி56 சிப், பக்கத்தில் 256 பைட் ஈஈப்ராம் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்). உங்கள் நிரல் சுருக்கக் குறியீடாக ஈஈப்ராமில் இருக்கும், சிப்பில் இருக்கும் இன்டர்ப்ரெட்டர் அதை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துச் செய்யும். நொடிக்குச் சுமார் 2,000 பேசிக் கட்டளைகள். அதே 4 மெகாஹெர்ட்ஸில் சிப் நேரடியாக ஓடினால் நொடிக்கு 10 லட்சம் இன்ஸ்ட்ரக்‌ஷன். இந்த இடைவெளிக்காகத்தான் கம்பைலர். ஃப்ளோ சென்சார் தண்ணீர் ஓட ஓடத் தருவது மின்துடிப்புகள், அதாவது பல்ஸ். அந்தப் பல்ஸை எண்ணும் வேலைக்கு இன்டர்ப்ரெட்டர் பக்கம் போக வேண்டாம்.

"பேசிக் என்றாலே இன்டர்ப்ரெட்டர்தானே" என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். 1964-இல் டார்ட்மத் கல்லூரியில் கெமனியும் கர்ட்ஸும் உருவாக்கிய முதல் பேசிக்கே கம்பைலர்தான். இன்டர்ப்ரெட்டர் என்ற பெயர் பின்னால் வந்த வீட்டுக் கணினிகளால் ஒட்டிக்கொண்டது.

பிப்ரவரி 4

உங்களிடம் இருப்பவை இரண்டு வெவ்வேறு குடும்பங்கள்: 877ஏ மைக்ரோசிப்பின் பிக், 328பி அட்மெலின் ஏவிஆர். 2016-இல் மைக்ரோசிப் அட்மெலை வாங்கியதால் இரண்டும் ஒரே நிறுவனத்தின் சரக்காகிவிட்டன, ஆனால் உள்ளே ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. பிக்பேசிக் ப்ரோ பிக் சிப்புகளுக்கு மட்டும். பாஸ்காம்-ஏவிஆர் பெயரிலேயே சொல்கிறது. ஸ்வோர்ட்ஃபிஷ் பிக்18-க்கு மட்டும், உங்கள் 877ஏ அதில் சேராது. மைக்ரோபேசிக்கில் பிக்குக்கு ஒன்று, ஏவிஆருக்கு ஒன்று எனத் தனித்தனிப் பொருள்கள். இரண்டையும் ஒரே கம்பைலரில், அதுவும் இலவசமாகப் பார்ப்பது கிரேட் கௌ பேசிக். இப்போது ஜிசிபேசிக் என்றே அழைக்கிறார்கள்.

எனவே என் முதல் பதில் ஜிசிபேசிக். நான் அதிகம் எழுதியது பிக்பேசிக் ப்ரோவில். சொந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடவில்லை என்பதைக் கவனிக்கவும்.

பிப்ரவரி 6

கம்பைலர்களின் உண்மையான குணம் இன்டரப்ட்டில்தான், அதாவது ஓடும் வேலையை நிறுத்தி அவசர வேலைக்குத் தாவுவதில்தான், வெளியே வரும். உங்கள் வேலை பல்ஸ் எண்ணுவது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பிக்பேசிக் ப்ரோவில் 'ஆன் இன்டரப்ட்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. பெயரைப் பார்த்து நம்பினால் கெட்டோம். சிப்பில் இன்டரப்ட் வந்த அந்தக் கணமே அது உங்கள் பகுதிக்குத் தாவாது. ஒவ்வொரு பேசிக் வரி முடிந்த பிறகும் "கொடி (இன்டரப்ட் வந்ததைக் குறிக்கும் பிட்) எழுந்திருக்கிறதா" என்று பார்க்கும் ஒரு சோதனையைக் கம்பைலர் செருகி வைக்கும், அவ்வளவுதான். 'பாஸ் 500' (500 மில்லிசெகண்ட் காத்திரு) என்று ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தால், அரை நொடி முடிந்த பிறகுதான் சோதனை. அந்த அரை நொடிக்குள் சென்சார் இருபது பல்ஸ் கொடுத்திருந்தாலும் கொடி ஒன்றுதான், எண்ணிக்கையும் ஒன்றுதான் கூடும். அதோடு வரிக்கு வரி சோதனை சேர்வதால் நிரலும் வீங்கும்.

இதற்காகவே அந்தக் கம்பைலரின் பயனர்கள் சிப்பின் சொந்தக் கட்டளை மொழியான அசெம்பிளியில் எழுதிய உடனடி இன்டரப்ட் கோப்புகள் உலாவுகின்றன. நன்றாகவே வேலை செய்கின்றன, நானும் அவற்றை வைத்துத்தான் ஓட்டினேன். ஆனால் அசெம்பிளி வேண்டாம் என்றுதானே பேசிக் பக்கம் வந்தோம்?

பாஸ்காமில் நிஜ இன்டரப்ட். 'ஆன் இன்ட்0' என்று எழுதினால் உடனே தாவும். தாவும்போது ஏறக்குறைய எல்லா ரெஜிஸ்டர்களையும் (சிப்பின் உள் நினைவுக் கட்டங்கள்) ஸ்டாக்கில் (தற்காலிக நினைவு அடுக்கு) தள்ளிவிட்டு, முடிந்ததும் திரும்ப எடுக்கும். பாதுகாப்பு, ஆனால் நேரம் பிடிக்கும். 'நோசேவ்' போட்டால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில். மைக்ரோபேசிக்கில் 'இன்டரப்ட்' என்ற பெயரில் ஒரு ப்ரொசீஜர் எழுத வேண்டும். அதற்குள்ளிருந்து எதைக் கூப்பிடலாம், எதைக் கூப்பிடக் கூடாது என்பதில் கெடுபிடி உண்டு. ஜிசிபேசிக்கில் 'ஆன் இன்டரப்ட் டைமர்0ஓவர்ஃப்ளோ கால்' என்ற மாதிரி. எந்த இன்டரப்ட், எந்தப் பகுதி என்று பெயர் சொல்லி இணைக்கிறோம், ரெஜிஸ்டர்களைக் கம்பைலரே காப்பாற்றிக்கொள்ளும். புதிதாக வருபவருக்கு எனக்குத் தெரிந்து இதுதான் சிரமம் குறைந்த வழி.

புதிய கம்பைலர் எது கையில் வந்தாலும் நான் கையேட்டில் முதலில் திறப்பது இன்டரப்ட் அத்தியாயத்தைத்தான். அது அரைப் பக்கத்தில் முடிந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

பிப்ரவரி 6, சற்று நேரம் கழித்து

ஒருவர் கேட்கிறார்: "பல்ஸ் எண்ண இன்டரப்ட் எதற்கு? சிப்புக்குள்ளேயே இருக்கும் டைமர்1-ஐ கவுண்டராக வைத்தால் போதாதா?"

போதும். இவ்வளவு நீளமாக எழுதி முடித்த பிறகு இதைச் சொல்கிறீர்களே!

877ஏ-வில் ஆர்சி0 பின்னில் சென்சார் ஒயரைக் கொடுத்து, டைமர்1-ஐ வெளிக் கடிகாரத்துக்கு மாற்றிவிட்டால் வன்பொருளே எண்ணிக்கொள்ளும். நிரல் தூங்கினாலும் எண்ணிக்கை தவறாது. 16 பிட், அதாவது 65,535 வரை. நிமிடத்துக்கு ஒருமுறை படித்துக் கூட்டிக்கொண்டால் தாராளம்.

படிக்கும்போது ஒரு கவனம் வேண்டும். எண்ணிக்கை மேல் பைட், கீழ் பைட் என்று இரண்டு ரெஜிஸ்டர்களில் இருக்கிறது. மேலைப் படித்துக் கீழுக்கு வருவதற்குள் கீழ் பைட் 255-இலிருந்து 0-க்கு உருண்டுவிட்டால் 256 பல்ஸ் காணாமல் போகும். மேல், கீழ், மறுபடி மேல் என்று படியுங்கள். இரண்டு மேல் பைட்டுகளும் ஒத்துப்போகாவிட்டால் திரும்பப் படியுங்கள். எந்த பேசிக்கிலும் நான்கு வரி வேலை.

பிக்பேசிக்கில் 'கவுண்ட்' என்று ஒரு கட்டளையும் உண்டு. அது எண்ணும் நேரம் முழுக்க வேறு எந்த வேலையும் நடக்காது. பட்டியலைப் பார்த்து வாங்குபவர் மயங்குவது இந்த மாதிரிக் கட்டளைகளில்தான்.

பிப்ரவரி 9

அடுத்து கணக்கு. இங்கேதான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள்.

ஏடிசி 10 பிட் என்றால் 0 முதல் 1023 வரை வரும். அதை மில்லிவோல்ட் ஆக்க 5000-ஆல் பெருக்கி 1024-ஆல் வகுக்க வேண்டும். பெருக்கும் இடத்திலேயே 51 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. 16 பிட் வேரியபிளில் 65,535-க்கு மேல் இடமில்லை. கம்பைலர் ஒன்றும் சொல்லாது, அபத்தமான எண் ஒன்று திரையில் வரும். 877ஏ போன்ற 14 பிட் இன்ஸ்ட்ரக்‌ஷன் கொண்ட பிக் சிப்புகளில் பிக்பேசிக் ப்ரோவின் கணக்கு 16 பிட்தான், 32 பிட் 'லாங்' பிக்18-இல் மட்டும். தசமமும் கிடையாது. ஆனால் அதில் '*/' என்று ஒரு குறி இருக்கிறது. பெருக்கி வரும் 32 பிட் விடையின் நடு 16 பிட்டைத் தரும், அதாவது பெருக்கி 256-ஆல் வகுத்த விடை. 5000-ஐ 1024-ஆல் வகுத்து 256-ஆல் பெருக்கினால் மிகச் சரியாக 1250. ஆகவே ஏடிசி மதிப்பை '*/ 1250' செய்தால் மில்லிவோல்ட் வந்துவிடும். 1023-க்கு 4995 கிடைக்கும். இந்த ஒரு வரிக்காகவே அந்தக் கம்பைலர் மேல் எனக்குத் தனி அன்பு.

பாஸ்காமில் தசமம் உண்டு, 32 பிட்டும் உண்டு. ஆனால் ஒரு வரியில் ஒரே ஒரு கணக்குதான் எழுத முடியும். 'அ = ஆ + இ + ஈ' என்று எழுத விடாது, இரண்டு வரியாக உடைக்க வேண்டும். முதலில் எரிச்சலாக இருக்கும். அப்புறம் பார்த்தால் இடையில் எங்கே நிரம்பி வழிகிறது என்று தேடுவது இதில்தான் சுலபம்.

ஸ்டாம்ப், பிக்ஆக்ஸ் இரண்டிலும் கணக்கு கண்டிப்பாக இடமிருந்து வலம். 2 + 3 * 4 என்றால் 20. பள்ளிக் கணக்கு ஆசிரியர் பார்த்தால் மயங்கி விழுவார். பிக்பேசிக் ப்ரோ ஸ்டாம்ப்பின் இலக்கணத்தைப் பின்பற்றி வந்தாலும் இதில் பள்ளிக் கணக்கின் பக்கம், 14 என்றே சொல்லும். ஸ்டாம்ப்புக்கு எழுதிய பழைய நிரலை அப்படியே இதில் ஓட்டுபவர்கள் கணக்கு வரிகளுக்கு அடைப்புக்குறி போட்டுவிடுங்கள்.

ஜிசிபேசிக்கில் வேறு வகைப் பொறி. வேரியபிளை அறிவிக்காமல் பயன்படுத்தினால் அதுவே பைட் என்று எடுத்துக்கொள்ளும். 300-ஐப் போட்டால் 44 வெளியே வரும். நிரலின் தலையிலேயே 'ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்' எழுதிவிட்டால் அறிவிக்காததைக் கம்பைலர் ஏற்காது. நான் பரிந்துரைத்த கம்பைலர் என்பதற்காக இதை மறைக்க முடியாது.

பிப்ரவரி 10

வெப்பநிலைக்கு 1-வயரில் பேசும் டிஎஸ்18பி20 சென்சார் என்றால் தசமம் வேண்டும் என்று பதறாதீர்கள். அது தருவது டிகிரியில் 16-இல் ஒரு பங்குக் கணக்கு. நான்கு பிட் வலப்பக்கம் தள்ளினால் முழு டிகிரி. கடைசி நான்கு பிட்டை 625-ஆல் பெருக்கினால் தசமத்துக்குப் பின் வரும் நான்கு இலக்கங்கள். அதிகபட்சம் 15 பெருக்கல் 625, 9375. 16 பிட்டில் சுகமாக உட்காரும். பெருக்கி வந்த எண் 625 என்றால் திரையில் 0625 என்று முன்னால் சுழியோடு காட்ட வேண்டும், மறந்தால் 25.0625 டிகிரி 25.625 ஆகிவிடும். பூஜ்யத்துக்குக் கீழே போகும் இடமென்றால் முதலில் குறியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, எண்ணை நேராக்கிய பிறகு இதைச் செய்யுங்கள்.

திரையில் 85 டிகிரி என்று காட்டினால் தண்ணீர் கொதிக்கிறது என்று ஓட வேண்டாம். மின்சாரம் வந்ததும் சென்சார் கையில் வைத்திருக்கும் எண் அது. 12 பிட் அளவீட்டுக்கு 750 மில்லிசெகண்ட் வரை ஆகும், அதற்குள் படித்தால் பழைய எண்தான் வரும்.

பிப்ரவரி 13

"சோதனைப் பதிப்பிலேயே முடித்துவிடலாமா" என்று கேள்வி.

நான் பயன்படுத்திய பதிப்புகளில் மைக்ரோபேசிக்கின் பிக் சோதனைப் பதிப்பு 2 கே வேர்டு (இங்கே ஒரு வேர்டு ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன்) வரை, பாஸ்காம் 4 கேபி வரை. 877ஏ-வில் 8 கே வேர்டு இருக்கிறது, 328பி-யில் 32 கேபி. எல்சிடியும் 1-வயரும் மட்டும் என்றால் சோதனைப் பதிப்பிலேயே அடங்கிவிடும். தசமக் கணக்கு ஒரு வரி சேர்ந்தால் அதற்கான லைப்ரரி முழுவதும் உள்ளே வந்து உட்காரும். அந்த ஒரு வரியை எழுதியும் நீக்கியும் கம்பைல் செய்து இரண்டு அளவுகளையும் ஒப்பிடுங்கள். வாங்கலாமா வேண்டாமா என்பதை அந்த வித்தியாசமே சொல்லிவிடும்.

லைசென்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு கம்பைலர், பெயர் வேண்டாம், கணினிக்குக் கணினி இணையம் வழியாகத் திறப்புக் கேட்கும் வகை. விற்றவர்கள் கடையைக் கட்டினார்கள், திறப்புச் சாவி தருபவர் யாரும் இல்லை. பழைய கணினி உயிரோடு இருக்கும் வரை அந்தக் கம்பைலரும் உயிரோடு. அதிலிருந்து, வாங்குவதற்கு முன் இணையத்தைத் துண்டித்துவிட்டு நிறுவ முடிகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறேன்.

பிப்ரவரி 17

கம்பைலர் உருவாக்கும் அசெம்பிளிக் கோப்பைத் திறந்து பார்க்க முடிகிறதா? எனக்கு இது கட்டளை எண்ணிக்கையைவிட முக்கியம். எழுதத் தெரிய வேண்டியதில்லை, மேலோட்டமாகப் படித்தாலே போதும். பிக்பேசிக் ப்ரோவும் ஜிசிபேசிக்கும் காட்டும்.

பழைய பிக் சிப்புகளில் ரேம் 128 பைட் கொண்ட வங்கிகளாகப் பிரிந்து கிடக்கும். வேரியபிள் வேறு வங்கியில் இருந்தால், தொடும் முன் வங்கியை மாற்ற ஓரிரண்டு இன்ஸ்ட்ரக்‌ஷன் கூடுதலாகச் சேரும். பேசிக்கில் இது கண்ணுக்குத் தெரியாது. விளைவு மட்டும் தெரியும்: 877ஏ-வில் 368 பைட் ரேம் இருந்தும் பிக்பேசிக் ப்ரோவில் பைட் அரே 96-க்கு மேல் போகாது, ஏனென்றால் ஒரு அரே ஒரு வங்கிக்குள் அடங்க வேண்டும். சிப்பின் ஸ்டாக்கில் 8 படிதான். பாதியைக் கம்பைலரே தன் வேலைக்கு வைத்துக்கொள்வதால் துணைப்பகுதிக்குத் தாவும் உங்கள் 'கோசப்' நான்கு படிக்கு மேல் ஒன்றுக்குள் ஒன்று போகக் கூடாது. ஐந்தாவது படியில் போனால் திரும்பி வருவது வேறு எங்கோ. பிழைச்செய்தி எதுவும் வராது.

பாஸ்காமிலும் இதற்கு இணையான தலைவலி உண்டு. ஹார்டுவேர் ஸ்டாக், சாஃப்ட்வேர் ஸ்டாக், ஃப்ரேம் மூன்றுக்கும் எவ்வளவு ரேம் என்று நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். குறைத்துக் கொடுத்தால் ஒன்று இன்னொன்றின் மேல் ஏறி, சம்பந்தமில்லாத வேரியபிளின் மதிப்பு மாறும். பாஸ்காமில் விசித்திரமாக ஏதாவது நடந்தால் நான் முதலில் இந்த மூன்று எண்களைத்தான் ஏற்றிப் பார்ப்பேன்.

இன்னொரு விஷயம். கம்பைலர் தன் சொந்தக் காலில் நிற்கிறதா என்று பாருங்கள். பிக்பேசிக் ப்ரோவின் பதிப்பு 3 கடைசிக் கட்டத்துக்கு மைக்ரோசிப்பின் எம்பாஸம் அசெம்பிளரை நம்பியிருந்தது. 2020-இல் மைக்ரோசிப்பின் நிரல் எழுதும் மென்பொருளான எம்பிலேப் எக்ஸ் 5.40 வந்தபோது மைக்ரோசிப் அதை விட்டுவிட்டது. அதனால் பழைய எம்பிலேப் பதிப்பு ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டிய நிலை. ஜிசிபேசிக்கில் சொந்த அசெம்பிளர் இருப்பதால் இந்த இடி அதன் மேல் விழவில்லை.

பிப்ரவரி 18

"சி படித்துவிட்டால் இந்த வம்பே இல்லையே."

வங்கியும் ஸ்டாக்கும் 16 பிட்டும் சிப்பில் இருப்பவை. சி எழுதினால் ஓடிப்போய்விடுமா? கேட்டவர் சி வேண்டாம் என்று முதல் வரியிலேயே சொல்லியிருக்கிறார். அடுத்து.

பிப்ரவரி 23

கேட்டவரிடமிருந்து செய்தி: ஜிசிபேசிக்கை நிறுவிவிட்டார், எல்சிடி ஓடுகிறது. நண்பர் ஒருவர் அதே சுற்றை 16எஃப்628ஏ-வில் பிக்பேசிக் வைத்து முயன்றிருக்கிறார். போர்ட் ஏ வேலை செய்யவில்லை, எல்இடி ஐந்து மடங்கு மெதுவாக மின்னுகிறது, "கம்பைலரில் பிழை" என்கிறாராம்.

கம்பைலரை விட்டுவிடுங்கள். 628ஏ-வில் போர்ட் ஏ பின்கள் பிறக்கும்போதே கம்பரேட்டரோடு (மின்னழுத்தங்களை ஒப்பிடும் பகுதி) கட்டப்பட்டவை. 'சிஎம்கான் = 7' என்று எழுதினால்தான் டிஜிட்டலாக விடுதலை. 877ஏ-வில் அதே மாதிரி 'ஏடிகான்1 = 7'. ஐந்து மடங்கு மெதுவென்றால், 20 மெகாஹெர்ட்ஸ் என்று நிரலில் சொல்லிவிட்டு 4 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை வைத்திருக்கிறார். 'டிஃபைன் ஓஎஸ்சி 20' என்ற வரி சிப்பின் வேகத்தை மாற்றாது. வேகம் இது என்று கம்பைலருக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். இதற்கு நேர்மாறாக எல்லாம் வேகமாக ஓடினால் அந்த டிஃபைன் வரியைச் சிறிய எழுத்தில் தட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். பிக்பேசிக்கில் டிஃபைனுக்குப் பெரிய எழுத்துதான் செல்லும், தவறினால் சத்தமில்லாமல் 4 மெகாஹெர்ட்ஸ் என்றே எடுத்துக்கொள்ளும்.

அதே 628ஏ-வில் ஆர்பி4 பின் மிதந்துகொண்டு சிப் அவ்வப்போது உறைந்துபோனால் எல்விபி (குறைந்த மின்னழுத்தத்தில் நிரல் ஏற்றும் வசதி) கன்ஃபிக் பிட்டை அணையுங்கள். 877ஏ-வில் அந்தப் பின் ஆர்பி3.

இன்னும் ஒன்று, எந்த பேசிக்காக இருந்தாலும். அடுத்தடுத்து இரண்டு வரிகளில் ஒரே போர்ட்டின் இரண்டு பின்களை உயர்த்தினால் சில நேரம் முதல் பின் தாழ்ந்துவிடும். பழைய பிக் சிப் ஒரு பிட்டை மாற்ற முழுப் போர்ட்டையும் படித்து, மாற்றி, திரும்ப எழுதுகிறது. பின்னில் கெபாசிட்டர் மாதிரி சுமை இருந்து மின்னழுத்தம் இன்னும் ஏறவில்லையென்றால் 0 என்று படித்து, அதையே எழுதிவிடும். பிக்18-இல் லேட்ச் ரெஜிஸ்டர் தனியாக இருப்பதால் அதில் எழுதித் தப்பிக்கலாம். 877ஏ-வில் போர்ட்டின் நகலை ஒரு பைட் வேரியபிளில் வைத்து, அதில் மாற்றி, மொத்தமாக எழுதுவதுதான் வழி.

மார்ச் 1

முதல் குறிப்பில் இன்டர்ப்ரெட்டர்களை ஒரே வீச்சில் தள்ளிவிட்டேன். ஒருவர் மைக்ரோமைட்டை நினைவூட்டினார், நியாயம்தான். ஆஸ்திரேலியாவின் ஜெஃப் கிரஹாம் 2011-இல் மேக்சிமைட்டோடு தொடங்கிய எம்எம்பேசிக், பின்னால் 28 பின் கொண்ட பிக்32எம்எக்ஸ்170 சிப்பிலும், ராஸ்பெரி பை பிக்கோவிலும் ஓடுகிறது. இதுவும் இன்டர்ப்ரெட்டர்தான். ஆனால் 32 பிட் சிப், தசமம், ஸ்ட்ரிங் எல்லாம் கிட்டும். சிப்பிலேயே எடிட்டர் இருக்கிறது. சீரியல் ஒயரை மாட்டி, வரியைத் தட்டினால் அங்கேயே நடக்கும். கம்பைல் இல்லை, சிப்பைக் கழற்றி ஏற்றும் வேலை இல்லை. புது சென்சார் ஒன்று கைக்கு வந்தால் நான் இப்போது முதலில் இதில்தான் மாட்டிப் பேசிப் பார்க்கிறேன். பிடிபட்ட பிறகு கம்பைலருக்குக் கொண்டுபோகிறேன்.

328பி பற்றியும் இரண்டாவது யோசனை. அந்தப் போர்டு மட்டும்தான் இருந்திருந்தால் நான் பாஸ்காமைச் சொல்லியிருப்பேன். கையேடு செறிவானது, உதாரணங்கள் ஏராளம், சிமுலேட்டர் உள்ளேயே. ஜிசிபேசிக் என் பதிலாக இருப்பது 877ஏ-வும் கூட இருப்பதால்.

மார்ச் 8

கேட்டவர் டைமர்1 வழியிலேயே எண்ணிக்கொண்டிருக்கிறார். இப்போதைய கேள்வி: மின்சாரம் போனாலும் மொத்த அளவு அழியக் கூடாது, ஈஈப்ராமில் நிமிடத்துக்கு ஒருமுறை எழுதலாமா?

877ஏ டேட்டாஷீட் ஈஈப்ராமுக்குக் குறைந்தபட்சம் 1 லட்சம் முறை எழுதலாம், வழக்கமாக 10 லட்சம் முறை என்கிறது. ஒரு நாளைக்கு 1,440 நிமிடம். ஒரே இடத்தில் எழுதினால் 1 லட்சம் 69 நாளில் தீர்ந்துவிடும். 256 பைட் இருக்கிறதே, ஒரு பதிவுக்கு 4 பைட் என்று 64 இடமாகப் பிரித்துச் சுற்றிச் சுற்றி எழுதுங்கள். அதே 1 லட்சம் 12 ஆண்டுக்கு வரும்.

எந்த இடம் கடைசி என்று குறிக்கத் தனிச் சுட்டி வேண்டாம், அந்தச் சுட்டியே முதலில் தேய்ந்துவிடும். மொத்தம் எப்போதும் ஏறிக்கொண்டே போகும் எண் என்பதால், 64-இல் மிகப் பெரியது எதுவோ அதுதான் கடைசி. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் பாதி எழுதிய பதிவு பொய்யாகப் பெரிதாகத் தெரியலாம். அதனால் 3 பைட்டில் எண், நான்காவதில் அந்த மூன்றின் கூட்டுத்தொகையின் கீழ் பைட். கூட்டுத்தொகை ஒத்துப்போகாத பதிவை விட்டுவிடுங்கள். 3 பைட் என்றால் 1 கோடியே 67 லட்சம் பல்ஸ் வரை. பல்ஸாக வைக்காமல் லிட்டராக வைத்தால் ஒரு வீட்டுக் குழாய்க்குத் தாராளம். எழுதாத இடத்தில் எல்லா பைட்டும் 255-ஆக இருக்கும். மூன்று 255-இன் கூட்டுத்தொகை 765, அதன் கீழ் பைட் 253. எனவே வெற்றிடங்களும் இதே சோதனையில் தானாக விழுந்துவிடும், அதற்கென்று தனியாக வரி எழுத வேண்டாம்.

ஜிசிபேசிக்கில் எழுத 'ஈபிரைட்', எண்ணுக்கு 'லாங்'. பிக்பேசிக்கில் செய்யும் நண்பருக்கு 877ஏ-விலும் 628ஏ-விலும் 'லாங்' கிடையாது. ஒரு வேர்டும் (16 பிட் வேரியபிள்) ஒரு பைட்டும் சேர்த்து வைத்துக்கொண்டு, கூட்டிய பிறகு வேர்டு முன்னைவிடச் சிறிதாகிவிட்டால் பைட்டில் ஒன்று கூட்டச் சொல்லுங்கள். 628ஏ-வில் ஈஈப்ராம் 128 பைட்தான், அவருக்கு 32 இடம்.